முடிந்தவற்றை மறை

03/02

சில்லு,

போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாய். மெசேஜும் அனுப்ப முடியாது. நீ வேலையிலிருந்து வந்ததும் உன் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது, சீட்டு விளையாட. வருவதையெல்லாம் படிப்பாள். ஆகவே காகிதம். உன் கண்ணாடிக் கடை முகவரிக்கு. பேனா பிடித்து எத்தனையோ வருடமாயிற்று. கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கும் எனக்கும் பொதுவாக, இருவர் போனிலும் திறக்கிற மாதிரி கணினியில் ஒரு ஷீட் போட்டேன் அல்லவா, அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதிகளுக்கு. ஒரு வாரம் இருக்கும்போது மஞ்சள். ஒரு நாள் இருக்கும்போது சிவப்பு. கடந்துவிட்டால் சாம்பல். ‘முடிந்தவற்றை மறை’ என்று ஒரு பொத்தானும் வைத்தேன், சாம்பல் வரிகள் கண்ணில் படாமல் போக. அதை நீதான் கேட்டாய். “பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளுது, தலை சுத்துதுண்ணா” என்றாய்.

போன ஜூனில் ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த ஆறு தேதிகள் மின்னஞ்சலில் வந்தன. உங்கள் பக்கத்து வழக்கப்படி நாள் முதலில், மாதம் பிறகு. 17/06, 22/07, 19/08, 16/09, நான்கும் ரத்தப் பரிசோதனை. 05/10 ஸ்கேன். 19/01 டாக்டரைப் பார்ப்பது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஷீட்டின் அமைப்புகளுக்குள் போய், நாடு என்ற இடத்தில் நான் இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. என் அலுவலக ஷீட்கள் முழுக்க அப்படித்தான். வீட்டுக்கு ஒரு மாதிரி, வேலைக்கு ஒரு மாதிரி பார்த்துப் பார்த்துக் குழம்புகிறது என்று மாற்றினேன். ஒரு சொடுக்கு.

ஆறு தேதிகளையும் அப்படியே எடுத்து ஒட்டினேன். பதினேழாவது மாதம், பத்தொன்பதாவது மாதம் என்றெல்லாம் கிடையாது. அதனால் ஐந்து தேதிகள் அதற்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. 05/10. மே பத்து.

மே பத்து போய் ஒரு மாதமாகியிருந்தது. சாம்பலாக்கியது. மறைத்தது. அக்டோபர் ஐந்து வந்தபோது ஷீட்டில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். யாரும் தவறு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கலாம். ஜூனில் அம்மா கையில் தேதிகளை எழுதி ஒரு சீட்டும் கொடுத்திருப்பார்களே, அது எங்கே? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணன்


பிப்ரவரி பதினாறு

உன் கடிதத்தின் தலையில் 03/02 என்றிருக்கிறது. உறையிலிருந்த தபால் முத்திரையைப் பார்த்துத்தான் பிப்ரவரி மூன்று என்று தெரிந்துகொண்டேன். நீ திருந்தவில்லை. இனிமேல் எழுதினால் மாதத்தை எழுத்தில் எழுது. இருபத்தேழு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து, எடுத்துப்போகும் புத்தகங்களுக்கெல்லாம் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்தியவள் நம் அம்மா. அந்த முத்திரையில் மாதம் எழுத்தில்தான் இருக்கும். அவளுக்குப் பிறந்தவர்கள் நாம்.

யாரும் தவறு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லையாம். சொல்லியும் விட்டு, சொல்ல வரவில்லை என்றும் எழுதுகிறாய்.

உனக்குத் தெரிந்தது ஷீட். நீ பார்க்காததை நான் எழுதுகிறேன்.

ஜனவரி பத்தொன்பது. ஷீட்டில் சிவப்பு. ஒழுங்காகப் போனோம். அம்மாவைப் பரிசோதித்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். நான் மட்டும் உள்ளே.

“ஸ்கேன் ரிப்போர்ட் எங்கம்மா?”

“எந்த ஸ்கேன் டாக்டர்?”

“அக்டோபர்ல எடுக்கச் சொன்னேனே.”

நான் போனை எடுத்து ஷீட்டைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர். எல்லாத்தையும் எங்க அண்ணன் இதுல போட்டு வெச்சிருக்கான். ஒண்ணு கூடத் தவறினதில்ல.”

பெருமையாகச் சொன்னேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து ஸ்கேன். கல்லீரலில் பரவியிருக்கிறது. ஐந்து இடம். “அக்டோபர்லயே பாத்திருந்தா?” என்று கேட்டேன். “இப்ப அதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது” என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் குடியிருக்கிறேன்.

அம்மாவுக்கு நோய் திரும்பிவிட்டது என்று தெரியும். முன்பே பார்த்திருக்கலாம் என்பது தெரியாது. “நல்லவேளை, வலி ஆரம்பிக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாங்க” என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

கடையில் நாளெல்லாம் வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, “கடைசி வரியைப் படிங்க” என்று சொல்வது என் வேலை. மறைத்து வைத்த வரியை எந்தக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறாய். தெரியாது.

சில்லு


மார்ச் ஒன்று

சில்லு,

மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து அல்ல.

ஷீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேதி என்று அது புரிந்துகொண்டதைக் கட்டத்தின் வலது ஓரத்தில் வைக்கும். புரியாததை வெறும் எழுத்து என்று இடது ஓரத்தில் தள்ளிவிடும். அன்றைக்கு ஒட்டியதும் ஐந்து தேதிகள் இடப்பக்கம் நின்றன. ஒன்று மட்டும் வலப்பக்கம்.

நான் அதைப் பார்த்தேன்.

பார்க்காமல் இருக்க முடியாது. என் பிழைப்பே அதுதான். எந்தப் பெட்டி எந்த நாளில் துறைமுகத்தை விட்டுக் கிடங்குக்கு வருகிறது என்று ஒரு நாளைக்கு நானூறு தேதிகள் என் கண் வழியாகப் போகின்றன. இடது ஓரத்தில் தேதி நின்றால் கோளாறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே ஐந்தையும் திருத்தினேன். ஒவ்வொன்றாக. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றித் தட்டினேன், ஜனவரிக்கு மட்டும் அடுத்த வருடத்தையும் சேர்த்து. ஒவ்வொன்றும் வலப்பக்கம் நகர்ந்தது. ஆறும் ஒரே கோட்டில் நின்றன. பார்க்க அழகாக இருந்தது. எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து, அதைப் பார்த்தபடியே குடித்தேன்.

சொன்னது சொன்னபடி நின்ற ஐந்தும் எனக்குக் கோளாறாகத் தெரிந்தன. மே மாதத்துக்கு ஓடிவிட்ட ஒன்றுதான் ஒழுங்காகத் தெரிந்தது. அதை விட்டுவிட்டேன்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நேரில். அவள் என்னைத் திட்டவேண்டும். வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் குடிவரவு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. மனுப் போட்டிருக்கிறேன், அம்மாவின் மருத்துவச் சான்றையும் சேர்த்து. வந்ததும் கிளம்பிவிடுவேன். வந்து சொல்வேன்.

அண்ணன்


மார்ச் பதினான்கு

சொல்லக் கூடாது.

உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அதையும் அவள் சுமக்க வேண்டுமா? ஏற்கெனவே வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க முடியாமல் கிடக்கிறாள். எடைக்கு மேல் எடை.

திட்டு வேண்டுமென்றால் என்னிடம் வாங்கிக்கொள். கைவசம் நிறைய இருக்கிறது.

நீ வரும் நாளை மட்டும் எழுது. அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறாள். மூன்று தடவையும் மூன்று விதமாகப் பொய் சொல்கிறேன்.

சில்லு


ஏப்ரல் இரண்டு

சில்லு,

இன்றும் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். “உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது” என்கிறாள். போன வாரமும் இதையே சொன்னாள். அம்மாவின் சான்றிதழைக் காட்டினேன். அதிலிருந்த தேதியை விரலால் தொட்டு, “இது எந்த மாதம்?” என்று கேட்டாள். சான்றிதழைத் திரும்ப வாங்கி இரண்டு தடவை படித்தேன். என் பின்னால் நின்றவர் செருமினார்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் கடைசி. இதற்குக் கீழே எதுவும் இல்லை.

ஆறு தேதிகளும் ஒரே கோட்டில் நின்றன என்று எழுதினேன் அல்லவா. பிறகு ‘முடிந்தவற்றை மறை’ பொத்தானை அழுத்தினேன். ஐந்து மிஞ்சின. ஆறு ஒட்டினேன், ஐந்து இருக்கிறது. கணக்கு உதைக்கிறதே என்று மறுபடி திறந்து பார்த்தேன். மே பத்து, ஸ்கேன், சாம்பல். படித்தேன். நன்றாக நினைவிருக்கிறது. ‘மே மாதம் ஸ்கேன் எடுத்திருப்பார்கள் போல’ என்று நினைத்தேன்.

எடுத்தார்களா, இல்லையா? எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், மே மாதம் முழுக்க நான் வீட்டுக்குப் பேசவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பேசினேன். ஒரு கீமோ போட்ட மறுநாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா குமட்டினாள். நீ போனைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு ஓடினாய். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம். நடுவில் ஒரு தடவை, “அவன் லைன்ல இருக்கானா, கட் பண்ணு” என்றாள். உனக்கு முன்னால் நானே கட் செய்தேன். பிறகு, லைன் சரியில்லை என்று மெசேஜ் போட்டேன். அதற்குப் பிறகு, வேலை அதிகம், வேலை அதிகம் என்று ஒரு மாதம். வேலை எப்போதும் போலத்தான் இருந்தது.

ஜூனில் உன்னைக் கூப்பிட்டு, “மே பத்தாந்தேதி ஸ்கேன் எடுத்தீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். “எந்த ஸ்கேன்?” என்றிருப்பாய். அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆனால் அப்படிக் கேட்டால், “மே மாசம் நீ எங்க போயிருந்தே?” என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்தேன். வரியை மறுபடி மறைத்தேன்.

கணினி ஒரு தேதியைத்தான் தவறாகப் படித்தது. மீதியை நான் செய்தேன்.

அண்ணன்


ஏப்ரல் இருபது

அண்ணா,

உன் கடிதத்தைக் கடையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். கண்ணாடி வாங்க வந்த ஒருவர், “என்னம்மா, உனக்கே கண்ணு தெரியலையா?” என்று கிண்டல் செய்தார். சிரித்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். தேடிப் பார்க்கிறேன், வரவில்லை. வற்றிவிட்டது போலிருக்கிறது. அது பயமாக இருக்கிறது.

மே மாதம் நீ பேசாதது அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? ஒவ்வொரு ஞாயிறும் காலையில், “போனுக்கு சார்ஜ் போட்டியா?” என்று கேட்பாள். போட்டிருப்பேன். சாயங்காலம், “அவனுக்கு வேலை இருக்கும்” என்று தானே சொல்லிக்கொள்வாள். மே மாதம் எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

நேற்று முதல் தடவையாக ஷீட்டில் அந்தப் பொத்தானை எதிர்ப்பக்கம் அழுத்தினேன். மறைந்திருந்ததெல்லாம் எழுந்து வந்தது. நாற்பத்தொரு வரி, எல்லாம் சாம்பல். தேதி வரிசையில், மே ஆறு கீமோவுக்கும் மே இருபது கீமோவுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. மே பத்து, ஸ்கேன். யாருக்கும் சந்தேகமே வராது.

உண்மையில் மே பத்தாம் தேதி என்ன நடந்தது தெரியுமா? சொல்கிறேன், நீ இல்லாத மாதத்தில் ஒரு நாளாவது உனக்குத் தெரிந்திருக்கட்டும். அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தலையை மழித்தோம். தலையணையெல்லாம் முடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா தன்னுடைய துணி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து முதலில் ஒட்ட வெட்டினார். “இதுல காகிதம் வெட்டினாலே எங்க வீட்டுல கொலை விழும். உங்களுக்காகத்தான்” என்றார். அம்மா கண்ணாடியில் பார்த்து, “உங்கப்பா இருந்தா, யாரு இந்தப் பெரிய மனுஷன்னு கேட்டிருப்பார்” என்றாள். மூவரும் சிரித்தோம். ஸ்கேன் எதுவும் இல்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து, அந்த முடியின் மேல் இருந்தது.

இப்போது அவள் இருபத்தெட்டுக் கிலோ. கடையில் பாதி நாள் விடுப்பு எடுக்கிறேன். தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க முடிகிறது. பேச்சு மட்டும் குறையவில்லை. நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது எடுத்துவந்த தேதி முத்திரையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் சக்கரத்தைத் திருப்பி அன்றைய தேதியை வைத்து, மருந்து அட்டையின் பின்பக்கம் ஒரு குத்து. போன வாரம் என் முழங்கையிலும் குத்தினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, புதிதாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு சொன்னாள்: “ரெண்டு வாரத்துக்கு எடுத்த புஸ்தகம்டி நான். நீங்க ரினிவல் பண்ணிக்கிட்டே இருக்கீங்க. அடுத்த ஆள் காத்திருக்கான்.”

நான் மாத்திரையைப் பொடித்து ஸ்பூனில் கரைத்தேன்.

உன் பாஸ்போர்ட் என்ன ஆயிற்று? இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்கிறாள்.

சில்லு


மே பத்தொன்பது

சில்லு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்த முதல் டிக்கெட் இதுதான்: ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் இருப்பேன்.

ஜூன். ஒன்பது. டிக்கெட்டில் வந்துசேரும் நாள் 06/09 என்று போட்டிருந்தது. செப்டம்பர் ஆறாக இருந்துவிட்டால்? விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மாதத்தின் பெயரை வாயால் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். பிறகு, “சார், நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடு. அந்த விஷயத்தைச் சொல்ல மாட்டேன். நீ சொன்னதுபோல. வந்து பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான்.

அண்ணன்


ஜூன் எட்டு

அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வீட்டுச் சாவியோடு தையல்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இதை நீ படிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். கடை முதலாளியம்மா வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. நீ திரும்பிப் போகும்வரை அங்கே இருப்பேன். தேடி வராதே. உன்மேல் கோபத்தில் அல்ல. படித்தால் புரியும்.

ஆறாம் தேதி போனில் நாம் பேசியது ஒரு நிமிடம் கூட இருக்காது. “எப்ப?” என்றாய். “இப்பதான், பதினொன்றரைக்கு” என்றேன். மூன்று நாள் வைத்திருக்க முடியாது என்கிறார்கள் என்றேன். “சரி” என்றாய். அந்தச் ‘சரி’யை எப்படிச் சொன்னாய் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் முடிந்திருக்காது. மறுநாள் காலையிலேயே எல்லாம் முடிந்தது.

இன்று இறப்பைப் பதியப் போனேன். எழுத்தர் படிவத்தைத் தள்ளி, “தேதியை எண்ணுல எழுதும்மா” என்றார். “நாள் முதல்லயா, மாசம் முதல்லயா?” என்று கேட்டேன். டாக்டர் கொடுத்த சான்றைப் பார்த்தார். “ஆறு, ஆறு. எப்படி எழுதினா என்னம்மா, ஒண்ணுதானே?” என்றார். எழுதினேன். உன் ஷீட்டில் போட்டாலும் அது மாறாது. இந்த ஒரு தேதியை யாராலும் தவறாகப் படிக்க முடியாது.

இப்போது என்னுடையது.

சீட்டு எங்கே என்று நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய். தெரியாது என்று எழுதினேன். பொய். அது அம்மாவின் கைப்பையில் இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் அதை எடுத்து என்னிடம் காட்டினாள். அக்டோபர் நான்காம் தேதி காலையில். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கு நேரமாகிவிட்டது.

“ஏண்டி, நாளைக்கு ஏதோ இருக்குன்னு இதுல போட்டிருக்கே.”

நான் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்து ஷீட்டைப் பார்த்தேன். “ஒண்ணும் இல்லம்மா. அடுத்தது ஜனவரிதான்.”

“அஞ்சு, பத்துன்னு இருக்குடி.”

“அது பழைய சீட்டா இருக்கும். அண்ணன் போட்டது தப்பாகாது. சும்மா என் உயிரை எடுக்காதே.”

“அப்ப சரி” என்றாள். சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “அவன் போட்டா சரியாத்தான் இருக்கும்.”

இருபத்தேழு வருடம் தேதி குத்தியவள் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். நான் கையில் போனை வைத்துக்கொண்டு, சும்மா இரு என்றேன். நீ கடிதத்துக்குக் கடிதம் தோலை உரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே பொத்திவைத்திருந்தேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கேட்டவளின் வாயை அடைத்தேன். எது பெரிது என்று எடைபோட எனக்குத் தெம்பில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது, அண்ணா. எப்போதிலிருந்து என்று தெரியாது. ஜனவரியில் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததோ என்னவோ. நாம் நான்கு மாதம் காகிதத்தில் ஒளிந்து ஒளிந்து எழுதிக்கொண்டோம், அவள் காதில் விழக்கூடாது என்று.

ஜூன் நான்காம் தேதி, கைப்பையை எடுத்துவரச் சொன்னாள். சீட்டை எடுத்து நீட்டினாள். மடிப்பில் கிழிந்திருந்தது.

“இதைக் கிழிச்சுப் போட்டுடு. அவன் வர்றப்ப கண்ணுல படக் கூடாது.”

நான் வாங்கிக்கொண்டேன். “அம்மா” என்றேன்.

“உனக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று நான்கு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. இருந்திருந்தால் நீ வரும்போது இந்த வீட்டிலேயே இருந்திருப்பேன்.

பிறகு, “அவன் என்னிக்கு வர்றான்?” என்று கேட்டாள். “ஒன்பதாம் தேதி, காலையில பத்து மணிக்கு” என்றேன். முத்திரையைக் கேட்டாள். விரலில் வலுவில்லை. சக்கரம் நகரவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டைவிரலால் தள்ளினாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். ஒன்பது. “அவன் வந்ததும் குத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

சீட்டைக் கிழிக்கவில்லை. உன் கண்ணில் படக் கூடாது என்று அவள் சொன்னாள். அவள் சொன்ன எதைத்தான் நான் கேட்டேன். மேசைமேல், முத்திரைக்கு அடியில் இருக்கிறது.

மை டப்பா பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காய்ந்திருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு.

முத்திரையின் சக்கரத்தை நான் தொடவில்லை. ஜூன் ஒன்பதில் நிற்கிறது. நீ வந்திறங்கிய இன்றைக்கே குத்திவிடு. நாளைக்கு அதுவும் தப்பாகிவிடும்.

சில்லு